பூட்டா, செமாஃபோரா? கெர்னலில் எதை எப்போது எடுப்பது

பெங்களூரில் டிரைவர், ஃபர்ம்வேர் வேலைகளுக்கான நேர்முகத் தேர்வில் அடிக்கடி வரும் கேள்வி இது: “மியூடெக்ஸுக்கும், 1 என்று தொடங்கி வைத்த செமாஃபோருக்கும் என்ன வித்தியாசம்?” மியூடெக்ஸ் என்பது ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு; செமாஃபோர் என்பது எண்ணிக்கை வைத்து, அத்தனை பேரை மட்டும் உள்ளே விடும் கருவி. ஊரில் படிப்பை முடித்துவிட்டு நேராக இங்கே வந்து இறங்கும் நம் பிள்ளைகளில் பலர், “இரண்டும் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் உள்ளே விடும், ஆகவே இரண்டும் ஒன்றுதான்” என்று சொல்லிவிடுகிறார்கள். பாதி சரி. விட்டுப்போன பாதி, வேலையில் சேர்ந்த பிறகு தொங்கிப்போன போர்டாக மேசைமேல் வந்து நிற்கும். அந்தப் பாதியைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். எடுத்துக்காட்டுகள் லினக்ஸ் கெர்னலிலிருந்து, அதாவது வன்பொருளை நேரடியாக ஆளும் அந்த இயங்குதளத்தின் உட்கருவிலிருந்து.

முதலில், பூட்டு எதற்கு? ஒரு எண்ணிக்கையை 1 கூட்டுவது நமக்கு ஒரே வரி. பிராசஸருக்கு அது மூன்று வேலை: மெமரியிலிருந்து படி, கூட்டு, திரும்ப எழுது. இரண்டு சிபியுக்கள் ஒரே சமயத்தில் 5 என்று படித்தால் இரண்டுமே 6 என்று எழுதும். 7 வரவேண்டிய இடத்தில் 6 நிற்கும். லிங்க்டு லிஸ்டில் இதே மோதல் நடந்தால் சேதம் இன்னும் பெரிது: இருவரும் ஒரே தலையில் ஆளுக்கொரு உறுப்பைக் கோர்க்க, ஒன்று சங்கிலியிலிருந்து கழன்று காணாமல் போகும். லட்சம் முறை ஓடினால் ஒரு முறை நடக்கும் பிழை இது. அதனால்தான் சோதனையில் தப்பிவிடுகிறது. மாறுவது ஒரே ஒரு எண் என்றால் பூட்டே வேண்டாம், அட்டாமிக் வகை மாறி போதும்; அதில் அந்த மூன்று வேலையும் பிரிக்க முடியாத ஒன்றாக நடக்கும். இரண்டு விஷயங்கள் சேர்ந்தே மாறவேண்டும் என்று வரும்போதுதான் பூட்டின் பேச்சு எழுகிறது.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். பூட்டு காப்பது டேட்டாவை. நிரல் வரிகளை அல்ல. ஸ்ட்ரக்டில் பூட்டை அறிவிக்கும்போதே, கீழே உள்ள எந்தெந்த உறுப்புகளை அது காக்கிறது என்று ஒரு கமென்ட் எழுதிவிடுங்கள். அந்தக் கமென்ட்டை எழுத முடியவில்லை என்றால் வடிவமைப்பு இன்னும் முடியவில்லை என்று பொருள்.

தூங்கலாமா, கூடாதா

சாதாரண நிரலில் மியூடெக்ஸை எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம். கெர்னலில் அது முடியாது. கெர்னல் நிரல் ஓடும் இடங்கள் அடிப்படையில் இரண்டு. ஒன்று, ஏதோ ஒரு புராசஸ் சிஸ்டம் கால் செய்து உள்ளே வந்த இடம், அல்லது கெர்னல் த்ரெட். அங்கே காத்திருக்க நேர்ந்தால் ஷெட்யூலர் அந்த டாஸ்க்கைத் தூங்கவைத்து வேறொன்றை ஓட்டும். மற்றது இன்டரப்ட் ஹேண்ட்லர் (சாதனம் சிபியுவை இடைமறித்துக் கூப்பிடும்போது ஓடும் நிரல்), சாஃப்ட் இன்டரப்ட் (ஹேண்ட்லர் தள்ளிவைத்த வேலையைச் செய்வது), டைமர் ஃபங்ஷன் போன்றவை. இவற்றுக்கென்று சொந்தமாக ஒரு டாஸ்க் கிடையாது. அப்போது அந்த சிபியுவில் எது ஓடிக்கொண்டிருந்ததோ அதன் நேரத்தில் கடன் வாங்கி ஓடுகின்றன. தூங்கவைக்க ஆளே இல்லாத இடத்தில் தூங்கச் சொன்னால் கெர்னல் குலைந்துபோகும்.

ஜெயநகரில் ஒரு தர்ஷினிக்கு, அதாவது நின்றுகொண்டே சாப்பிடும் சிற்றுண்டிக் கடைக்குப் போகிறோம். பில் கையில் இருக்கிறது, காபி கவுன்ட்டரில் நமக்கு முன்னால் இருவர். அறைக்குப் போய்ப் படுத்துவிட்டுப் பிறகு வரலாம் என்று யாரும் நினைப்பதில்லை. அரை நிமிடம் அங்கேயே நிற்பதுதான் லாபம். ஸ்பின்லாக் அப்படித்தான். பூட்டு கிடைக்கும்வரை சிபியு அதே இடத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். அதே ஆள் பாஸ்போர்ட் சேவை மையத்தில் கவுன்ட்டர் முன்னால் நிற்கமாட்டார். டோக்கன் எண் வரும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மியூடெக்ஸும் செமாஃபோரும் இந்த வகை. இன்டரப்ட் ஹேண்ட்லருக்கு நாற்காலியே கிடையாது, ஆகவே அங்கே எடுக்கக்கூடியது ஸ்பின்லாக் மட்டுமே.

“வேலை சிறிதென்றால் ஸ்பின்லாக், பெரிதென்றால் மியூடெக்ஸ்” என்று பலர் மனப்பாடம் செய்கிறார்கள். அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, இந்த டேட்டாவைத் தொடும் எல்லா இடங்களிலும் தூங்க அனுமதி உண்டா என்பது. ஒரே ஓரிடத்தில் இல்லை என்றாலும் ஸ்பின்லாக்தான்.

ஸ்பின்லாக் எடுத்த கணத்தில் அந்த சிபியுவில் ப்ரீஎம்ப்ஷன் (ஓடும் டாஸ்க்கை இடையில் விலக்கி வேறொன்றை ஓட்டுவது) நின்றுவிடும். ஸ்பின்லாக்கைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கினால் என்ன ஆகும்? அதே சிபியுவில் இன்னொரு டாஸ்க் ஓடத் தொடங்கி, அதே பூட்டைக் கேட்டுச் சுற்ற ஆரம்பிக்கும். ப்ரீஎம்ப்ஷன் இல்லாததால் அதை யாரும் விலக்க முடியாது. பூட்டை வைத்திருப்பவருக்கோ எழுந்து ஓட சிபியு கிடைக்காது. முடிச்சு விழுந்துவிட்டது.

எவையெல்லாம் தூங்கும் என்பது புதியவர்களுக்குப் பிடிபடாத இடம். எம்ஸ்லீப் தூங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மெமரி வாங்கும் கேமாலக்கை ஜிஎஃப்பி_கெர்னல் கொடியுடன் அழைத்தால் அதுவும் தூங்கலாம், ஏனெனில் மெமரி தட்டுப்பாடானால் பழைய பக்கங்களை வெளியேற்றும்வரை காத்திருக்கும். யூசர் நிரலோடு டேட்டா பரிமாறும் காப்பி_டு_யூசரும் காப்பி_ஃப்ரம்_யூசரும் தூங்கலாம்; யூசரின் பக்கம் மெமரியில் இல்லாமல் டிஸ்க்கில் இருந்தால் அதைக் கொண்டுவரவேண்டும். நல்ல வழக்கம் இது: மெமரியை முன்கூட்டியே வாங்கிவைத்துக்கொண்டு, பிறகு ஸ்பின்லாக் எடுத்து, லிஸ்டில் கோர்த்துவிட்டு, உடனே விடுங்கள். தூங்காத ஜிஎஃப்பி_அட்டாமிக் என்று கொடியை மாற்றித் தப்பிக்கலாம்தான். ஆனால் அது தட்டுப்பாட்டில் எளிதாகத் தோற்றுப்போகும், தோல்வியைக் கையாளும் நிரலை நீங்கள் எழுதியாகவேண்டும்.

ஐ2சி என்ற இரு கம்பித் தொடர்புப் பாதையில் (பஸ்) மாட்டிய ஒரு சென்சாரை எடுத்துக்கொள்வோம். ஐ2சி பஸ் 100 கிலோஹெர்ட்ஸில் ஓடினால் ஒரு பைட் அனுப்ப ஒப்புதல் பிட்டோடு 9 கிளாக், அதாவது 90 மைக்ரோசெகண்ட். ஒரு ரெஜிஸ்டரைப் படிக்க நான்கு பைட் போகவேண்டும்: சாதன முகவரி, ரெஜிஸ்டர் எண், மறுபடி முகவரி, பிறகு டேட்டா. ஆக, ஏறக்குறைய 0.4 மில்லிசெகண்ட். தூங்கி எழும் செலவு பொதுவாகச் சில மைக்ரோசெகண்ட்தான். அதற்குப் பதிலாக அந்த 0.4 மில்லிசெகண்ட் முழுக்க இன்னொரு சிபியுவைச் சுற்றவிடுவது பெரிய விரயம். தவிர, ஐ2சி கோர் தானே உள்ளே தூங்கும் பூட்டு ஒன்றை எடுக்கிறது. எனவே இங்கே மியூடெக்ஸ் தவிர வேறு பேச்சில்லை.

அந்தச் சென்சார் இன்டரப்ட்டும் கொடுத்தால்? ஹேண்ட்லருக்குள் ஐ2சி படிக்க முடியாது. ரெக்வஸ்ட்_த்ரெடட்_ஐஆர்க்யூ மூலம் பதிவு செய்யுங்கள். வேலை ஒரு கெர்னல் த்ரெடில் நடக்கும், அங்கே மியூடெக்ஸ் எடுக்கலாம். ஒன்ஷாட் கொடியை விட்டுவிடாதீர்கள். லெவல் வகை இன்டரப்ட்டில் (சாதனம் சமாதானமாகும்வரை சிக்னல் அப்படியே நிற்கும்), த்ரெட் சென்சாரைச் சமாதானப்படுத்தும்வரை அந்த லைன் மூடியிருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஹேண்ட்லர் முடிந்த நொடியே மறுபடி அடிக்கும், த்ரெடுக்கு ஓட வாய்ப்பே வராது. முதல்நிலை ஹேண்ட்லர் கொடுக்காமல் ஒன்ஷாட்டும் கொடுக்காவிட்டால் கெர்னல் அந்தப் பதிவையே மறுத்துவிடும்.

ஒரே சிபியுவில் தனக்குத்தானே முட்டிக்கொள்வது

ஸ்பின்லாக்கில் புதியவர்கள் அதிகம் விழும் பள்ளம் இது. சிஸ்டம் கால் வழியாக வந்த நிரல், சிபியு 2-ல் ஸ்பின்லாக் எடுத்திருக்கிறது. அப்போது அதே சிபியு 2-ல் இன்டரப்ட் வருகிறது. ஹேண்ட்லர் அதே பூட்டைக் கேட்டுச் சுற்றுகிறது. பூட்டை விடவேண்டியவர் ஹேண்ட்லர் முடிந்தால்தான் ஓடுவார்; ஹேண்ட்லரோ பூட்டு கிடைத்தால்தான் முடியும்.

தீர்வு, புராசஸ் பக்கத்தில் ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூசேவ் எடுப்பது. அது இந்த சிபியுவின் இன்டரப்ட்டுகளை நிறுத்திவிட்டுப் பூட்டை எடுக்கும். விடும்போது முன்பிருந்த நிலையை மீட்டுக்கொடுக்கும். சேவ் இல்லாத ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூவும் உண்டு. அது விடும்போது இன்டரப்ட்டைக் கண்ணை மூடிக்கொண்டு திறந்துவிடும். உங்களை அழைத்தவர் ஏற்கெனவே நிறுத்தி வைத்திருந்தால் அவர் கணக்கு கெட்டுப்போகும். யார் அழைக்கிறார்கள் என்று உறுதியாகத் தெரியாதவரை சேவ் உள்ளதையே எடுங்கள். ஹேண்ட்லருக்குப் பதிலாக டைமரோ சாஃப்ட் இன்டரப்ட்டோ மட்டும்தான் எதிர்ப்பக்கம் என்றால் ஸ்பின்_லாக்_பிஎச் போதும்.

சோதனை போர்டில் ஒரே கோர், கெர்னலில் ப்ரீஎம்ப்ஷன் இல்லை என்றால் வெறும் ஸ்பின்லாக் கம்பைல் ஆகும்போதே ஒன்றுமில்லாமல் போய்விடும். மேலே சொன்ன பிழை அங்கே தலைகாட்டாது. அதே டிரைவரை 8 கோர் போர்டில் ஏற்றியதும் தொங்கும். “அந்த போர்டில் நன்றாக ஓடியதே” என்று வன்பொருள் குழுவிடம் சண்டைக்குப் போகுமுன் இதைப் பாருங்கள்.

சாவியும் டோக்கனும்

தூங்கலாம் என்று முடிவாகிவிட்டது. இப்போதுதான் மியூடெக்ஸா செமாஃபோரா என்ற கேள்வி. இங்கே தீர்மானிப்பது உரிமையாளர்.

மியூடெக்ஸ் ஒரு சாவி. யார் எடுத்தாரோ அவரே திறக்கவேண்டும். உள்ளே ஓனர் என்ற உறுப்பில் எடுத்த டாஸ்க்கின் முகவரி பதிவாகியிருக்கும். எடுத்தவரே மறுபடி எடுக்க முயன்றால் தன்னையே பூட்டிக்கொள்வார். இன்டரப்ட்டில் எடுக்கவும் கூடாது, விடவும் கூடாது.

செமாஃபோர் டோக்கன் டப்பா. அடுக்குமாடிக் குடியிருப்பில் விருந்தினர் வண்டி நிறுத்த 4 இடம் இருக்கிறது, வாட்ச்மேனிடம் 4 டோக்கன். வருபவர் ஒன்றை எடுக்கிறார், தீர்ந்துபோனால் வாசலில் நிற்கிறார். திருப்பிக் கொடுப்பது எடுத்தவராகவே இருக்கவேண்டும் என்றில்லை. வேறு யார் கொண்டுவந்து போட்டாலும் வாட்ச்மேன் வாங்கிக்கொள்வார். அந்த ஆங்கிலப் பெயருக்குத் தமிழில் கைகாட்டி என்று பெயர், ரயில் பாதையோரம் நின்ற அதே கைகாட்டி. 1960-களின் தொடக்கத்தில் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா இந்தக் கருத்தைக் கொண்டுவந்தார். லினக்ஸில் எடுப்பது டவுன், போடுவது அப். உள்ளே பிரித்துப் பார்த்தால் ஓர் எண், காத்திருப்போர் வரிசை, அவ்விரண்டையும் காக்க ஒரு ஸ்பின்லாக்: செமாஃபோரின் அடித்தளமே ஸ்பின்லாக்தான்.

உரிமையாளர் தெரிந்திருப்பதால் மியூடெக்ஸுக்குக் கிடைக்கும் ஆதாயங்கள் பெரியவை. பூட்டை வைத்திருப்பவர் வேறு சிபியுவில் இந்த நொடியும் ஓடிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தால், காத்திருப்பவர் உடனே தூங்காமல் சற்றுச் சுற்றிப் பார்ப்பார். சீக்கிரம் விடுவார் என்ற நம்பிக்கை. 2009-ல் 2.6.30 பதிப்பில் வந்த வசதி இது. ஆளே தெரியாத செமாஃபோரில் இதைச் செய்ய வழியில்லை. லாக்டெப் என்ற சோதனைக் கருவியும் மியூடெக்ஸை யார் எந்த வரிசையில் எடுத்தார் என்று பின்தொடரும், செமாஃபோரைப் பின்தொடராது.

முன்னுரிமைத் தலைகீழ் என்ற ஆபத்தும் இங்கேதான் வருகிறது. 1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலம் தானாகவே ரீசெட் ஆகத் தொடங்கியது. வானிலைத் தரவு சேர்க்கும் தாழ்ந்த முன்னுரிமை டாஸ்க் ஒரு பூட்டை வைத்திருந்தது. பஸ்ஸைக் கவனிக்கும் உயர்ந்த முன்னுரிமை டாஸ்க் அதற்காகக் காத்திருந்தது. நடுவில் இருந்த முன்னுரிமை டாஸ்க்குகள் தாழ்ந்ததை ஓடவிடவில்லை. நேரத்தில் வேலை முடியாததால் கலமே ரீசெட் ஆனது. விஎக்ஸ்வொர்க்ஸ் இயங்குதளத்தின் அந்தப் பூட்டில், முன்னுரிமையைக் கடன் கொடுக்கும் வசதி அணைந்திருந்தது. பூமியிலிருந்து அதை இயக்கிவிட்டார்கள், சரியானது. காத்திருப்பவரின் முன்னுரிமையைக் கடனாகக் கொடுக்கவேண்டுமென்றால் யாருக்குக் கொடுப்பது என்று தெரியவேண்டும்; செமாஃபோரில் அந்தப் பெயர் இல்லை. லினக்ஸின் சாதாரண மியூடெக்ஸ் இந்தக் கடனைத் தானாகக் கொடுப்பதில்லை. 2024-ல் 6.12 பதிப்பில் மூல கெர்னலில் சேர்ந்த ப்ரீஎம்ப்ட்_ஆர்டி என்ற நிகழ்நேர அமைப்பை இயக்கினால் கொடுக்கும். அந்த அமைப்பில் சாதாரண ஸ்பின்லாக்கும் தூங்கும் பூட்டாக மாறிவிடும். உண்மையாகவே சுற்றுவது ரா ஸ்பின்லாக் மட்டும்.

அப்படியானால் செமாஃபோருக்கு எங்கே வேலை

ஒரு சாதனத்தில் 4 டிஎம்ஏ சானல் (சிபியுவின் உதவியின்றி மெமரிக்கு டேட்டாவை நகர்த்தும் பாதை) இருக்கிறது. கோரிக்கை புராசஸ் பக்கத்திலிருந்து வருகிறது, வேலை முடிந்த சேதி இன்டரப்ட்டில் வருகிறது. எடுப்பவர் ஒருவர், விடுபவர் வேறொருவர். எண்ணிக்கை 1-க்கு மேல். செமாஃபோருக்கே அளவெடுத்துத் தைத்த இடம். 4 என்று தொடங்கிவைத்து, கோரிக்கை வரும்போது டவுன்_இன்டரப்டிபிள், முடிந்த இன்டரப்ட்டில் அப். அப்பை இன்டரப்ட்டிலிருந்து அழைக்கலாம், மியூடெக்ஸ்_அன்லாக்கை அழைக்கக்கூடாது.

ஆனால் வாட்ச்மேன் “இடம் இருக்கிறது” என்றுதான் சொன்னார், எந்த இடம் என்று சொல்லவில்லை. காலியான சானல் எது என்று பிட்மேப்பில் (சானலுக்கு ஒரு பிட் வைத்த பட்டியல்) தேடி, குறித்துக்கொள்ளவேண்டும். அந்தப் பிட்மேப்பை நால்வரும் தொடுவார்கள், இன்டரப்ட்டும் தொடும். அதற்குத் தனியாக ஐஆர்க்யூசேவ் ஸ்பின்லாக் ஒன்று வேண்டும். செமாஃபோர் வைத்துவிட்டோம், பாதுகாப்பு வந்துவிட்டது என்று நிறுத்திக்கொள்வது அடிக்கடி பார்க்கும் பிழை. வரிசை முக்கியம்: முதலில் டவுன், பிறகு ஸ்பின்லாக். டவுன் தூங்கும் என்பதால் மாற்றிப் போட முடியாது. விடும்போது முதலில் பிட்டை அழித்துவிட்டுப் பிறகு அப்.

டவுன்_இன்டரப்டிபிள் திருப்பித் தரும் மதிப்பைப் பார்க்காமல் விடுவது இன்னும் மோசம். காத்திருக்கும்போது யாராவது கன்ட்ரோல்-சி அடித்தால் அது டோக்கன் தராமலே எதிர் எண்ணோடு திரும்பும். அதைக் கவனிக்காமல் உள்ளே போய், வெளியே வரும்போது அப் செய்தால், 4 டோக்கன் 5 ஆகிவிடும். செமாஃபோர் முணுமுணுக்காது, எத்தனை போட்டாலும் வாங்கிக்கொள்ளும். பிறகொரு நாள் ஐந்தாவது ஆள் உள்ளே நுழைந்து, பிட்மேப்பில் இடமில்லாமல், இல்லாத சானல் 4-ஐத் தொடுவார் (எண்கள் 0-வில் தொடங்குவதால் இருப்பவை 0 முதல் 3 வரை). பிழை நடந்த இடமும் வெடித்த இடமும் வெகு தூரம்.

பழைய செமாஃபோரை மியூடெக்ஸாக மாற்றும் வேலை கையில் வந்தால் ட்ரைலாக்கை, அதாவது காத்திருக்காமல் ஒருமுறை முயன்று பார்க்கும் வடிவத்தைக் கவனியுங்கள். டவுன்_ட்ரைலாக் கிடைத்தால் 0 தரும், கிடைக்காவிட்டால் 1. மியூடெக்ஸ்_ட்ரைலாக்கும் ஸ்பின்_ட்ரைலாக்கும் நேர் எதிர்: கிடைத்தால் 1. பெயரை மட்டும் மாற்றிவிட்டு நிபந்தனையை மாற்றாவிட்டால், பூட்டு கிடைத்தபோது திரும்பிப்போய், கிடைக்காதபோது உள்ளே நுழையும் நிரல் உருவாகும். கம்பைலர் ஒன்றும் சொல்லாது.

பழைய நிரலில் செமாஃபோர் ஏன் இவ்வளவு கிடக்கிறது என்றால், லினக்ஸில் தனி மியூடெக்ஸ் வந்ததே 2006-ல், 2.6.16 பதிப்பில்தான். அதுவரை 1 போட்ட செமாஃபோரே சாவியாகவும் பயன்பட்டது. ஆர்டபிள்யூ_செமாஃபோர் என்று ஒன்றைப் பார்த்தால் பெயரை நம்பி ஏமாறவேண்டாம். அது டோக்கன் எண்ணுவதில்லை. பலர் சேர்ந்து படிக்க, ஒருவர் மட்டும் எழுத விடும் பூட்டு அது. ஒரு புராசஸின் மெமரி வரைபடத்தைக் காக்கும் பூட்டு நீண்ட காலம் எம்மேப்_செம் என்றிருந்தது, 2020-ல் 5.8 பதிப்பில் எம்மேப்_லாக் என்று பெயர் மாறியது.

“வேலை முடிந்துவிட்டது” என்று ஒரே ஒரு சேதி சொல்ல மட்டும் 0 போட்ட செமாஃபோரை வைக்கவேண்டாம். அதற்குக் கம்ப்ளீஷன் என்ற தனிக் கருவி இருக்கிறது. வெயிட்_ஃபார்_கம்ப்ளீஷன்_டைம்அவுட் என்ற வடிவத்தை எடுங்கள். 0 திரும்பினால் நேரம் முடிந்துவிட்டது. அந்தக் கம்ப்ளீஷனை ஸ்டாக்கில் வைத்திருந்தால், நேரம் முடிந்து நீங்கள் ஃபங்ஷனை விட்டுப்போன பிறகு தாமதமாக வரும் இன்டரப்ட், செத்துப்போன ஸ்டாக்கில் எழுதும். திரும்புமுன் சாதனத்தை நிறுத்தி, ஹேண்ட்லர் ஓடி முடிந்ததை சிங்க்ரனைஸ்_ஐஆர்க்யூ மூலம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

தொங்கிவிட்டால் எங்கே பார்ப்பது

கெர்னலின் செய்திப் பதிவே எந்த வகைப் பூட்டு என்று சொல்லிவிடும். “சாஃப்ட் லாக்கப்” என்று, சிபியு எண்ணோடு 20 நொடிக்கு மேல் சிக்கியதாக வந்தால், யாரோ விடாமல் சுற்றுகிறார்கள்: ஸ்பின்லாக்கைத் தேடுங்கள். டாஸ்க் 120 நொடிக்கு மேல் முடங்கியிருக்கிறது என்று வந்து, பிஎஸ் கட்டளை தரும் பட்டியலில் அது டி நிலையில் (சிக்னலுக்கும் எழாத தூக்கம்) இருந்தால், தூங்கும் பூட்டு. “ஸ்லீப்பிங் ஃபங்ஷன் கால்டு ஃப்ரம் இன்வேலிட் கான்டெக்ஸ்ட்” என்று வந்தால், தூங்கக்கூடாத இடத்தில் தூங்கப் பார்த்திருக்கிறீர்கள். கீழே வரும் ஸ்டாக் டிரேஸில் உங்கள் ஃபங்ஷன் பெயர் இருக்கும்.

இந்தக் கடைசிச் செய்தி வர, கெர்னல் கட்டும்போது டீபக்_அட்டாமிக்_ஸ்லீப் இயங்கியிருக்கவேண்டும். கூடவே ப்ரூவ்_லாக்கிங்கையும் இயக்குங்கள், அதுதான் லாக்டெப். சிவாஜிநகரின் குறுகிய சந்தில் இரண்டு ஆட்டோக்கள் எதிரெதிரே வந்து நிற்பதுபோல, ஒருவர் ஏ பூட்டை எடுத்துவிட்டு பி-க்கும், இன்னொருவர் பி-யை எடுத்துவிட்டு ஏ-க்கும் காத்திருப்பது டெட்லாக். லாக்டெப் அது நடக்கும்வரை காத்திருக்காது. காலையில் ஒரு முறை ஏ-பி வரிசை, மாலையில் ஒரு முறை பி-ஏ வரிசை கண்ணில் பட்டால் போதும், எச்சரித்துவிடும். வேகம் குறையும் என்பதால் வாடிக்கையாளருக்குப் போகும் கெர்னலில் இவற்றை அணைத்துவிடுவார்கள். உங்கள் மேசையில் உள்ள போர்டில் எப்போதும் எரியட்டும்.

120 நொடிச் செய்திக்குப் பெரும்பாலும் காரணம் மிகச் சாதாரணமாக இருக்கும். மியூடெக்ஸ் எடுத்த பிறகு நடுவில் ஏதோ தோற்று, நிரல் பூட்டை விடாமல் ரிட்டர்ன் ஆகியிருக்கும். முதல் அழைப்பு பிழை எண்ணோடு ஒழுங்காகத் திரும்பும்; தொங்குவது அடுத்த அழைப்புதான், அதனால் எல்லோரும் இரண்டாவது அழைப்பையே குடைந்துகொண்டிருப்பார்கள். பூட்டு எடுத்த பிறகு வரும் ஒவ்வொரு தோல்வியும் கோட்டு (goto) மூலம் கீழே உள்ள ஒரே வெளியேறும் இடத்துக்குப் போய், அங்கே பூட்டை விட்டுவிட்டுத் திரும்பட்டும். 6.5 பதிப்புக்குப் பிந்தைய கெர்னல் என்றால் கார்ட் மேக்ரோவைப் போட்டுவிடலாம்; அந்த அடைப்புக்குறியை விட்டு எந்த வழியாக வெளியேறினாலும் மியூடெக்ஸ் தானாகத் திறந்துகொள்ளும்.